தானாக வந்த சிவப்பு

உணவில் சேர்க்கப்படும் இயற்கை நிறங்களுக்கு முன் அனுமதி பெற்றாக வேண்டும் என்று ஆணை வந்தது. நல்ல ஆணைதான். கண்ட சாயத்தையும் கலந்து விற்கிறவன் இனி அடங்குவான் என்று ஊரோடு சேர்ந்து நானும் கைதட்டினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

என் அக்கா பீட்ரூட் ஜாம் போட்டு விற்கிறாள். மாமா போன பிறகு அவள் வீட்டில் அடுப்பு எரிவதே அதனால்தான். திங்கட்கிழமைக்குள் சான்றிதழ் வாங்காவிட்டால் கடைக்கு சீல். பாட்டிலுக்கு லேபிள் ஒட்டுகிறவன் என்ற தகுதியில் நானும் அவளோடு அலுவலகத்துக்குப் போனேன்.

நிறப் பிரிவு அதிகாரி படிவத்தைப் பிரித்தார்.

"சிவப்பை எப்ப சேர்க்கறீங்க?"

"சேர்க்கறதே இல்லை சார். பீட்ரூட்டே சிவப்புதானே, தானா வருது," என்றாள் அக்கா.

பேனா நின்றது. "தானா வருதா? யாரு அனுமதியில?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் சுற்றாத மின்விசிறியைப் பார்த்தேன்.

"இதோ பாருங்கம்மா, படிவத்துல ரெண்டே கட்டம். 'நிறம் சேர்க்கப்பட்டது', இல்லேன்னா 'நிறமற்றது'. உங்க ஜாம் ரெண்டுலயும் உக்காரலை."

"அப்ப சேர்க்கப்பட்டதுன்னே போட்டுக்குங்க சார்."

"சேர்க்காததைச் சேர்த்ததா எழுதறதா? ஒரு அரசு ஊழியரைப் பொய் சொல்லச் சொல்றீங்களே, நியாயமா?"

உத்தமர்! அப்படியே காலில் விழலாம் போலிருந்தது எனக்கு.

"வேற வழியே இல்லையா சார்?" என்று கெஞ்சினாள் அக்கா.

அவர் இளகிவிட்டார். "ஒண்ணு பண்ணுங்க. முதல்ல பீட்ரூட்டை வெளுத்துடுங்க. அதுக்கு அனுமதிச்ச பவுடர் இருக்கு. வெள்ளையானதும் அனுமதிச்ச சிவப்பைச் சேருங்க. சேர்த்தா நான் எழுதிடறேன்."

"அந்தச் சிவப்பை எதுல செய்யறாங்க சார்?"

"பீட்ரூட்லதான். இயற்கை நிறமாச்சே!"

வெளுத்தோம். சேர்த்தோம். வீடெல்லாம் பவுடர் நெடி, அக்காவுக்கு மூன்று நாள் விடாத இருமல். சான்றிதழ் வந்துவிட்டது. 'அரசு அனுமதி பெற்ற இயற்கை நிறம் சேர்க்கப்பட்டது' என்று என் கையாலேயே லேபிள் ஒட்டினேன்.

பழைய ஜாம் ஆறு பாட்டில் மிச்சம். விற்கத்தான் கூடாது, கொடுக்கலாமே என்று அக்கா அதில் இரண்டை என் பெண்டாட்டியிடம் நீட்டினாள்.

"பிள்ளைங்களுக்கு எடுத்துட்டுப் போ. இதுல ஒண்ணுமே சேர்க்கலை."

அவள் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"லேபிளே இல்லையே அண்ணி. குழந்தைங்க சாப்பிடறது, எதுக்கு வம்பு? சேர்த்ததாவே ரெண்டு குடுங்க."

லேபிள் ஒட்டியவன் பக்கத்தில்தான் நின்றேன். சேர்த்ததில் இரண்டை நானே எடுத்துக் கொடுத்தேன்.