லிஃப்ட் அட்டையில் ஒரு வார்த்தை

லிஃப்ட் சர்வீஸ் அட்டையில், கையெழுத்துக்குப் பக்கத்தில் ‘கட்ஸி’ என்று ஆங்கிலத்தில் ஒரே ஒரு வார்த்தை எழுதியிருந்தாள் வரவேற்பு மேஜைப் பெண். மெக்கானிக் அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு நாள் முழுக்கத் தவித்தார்.

அந்த ஐந்து மாடி அலுவலகத்துக்கு மாதம் ஒருமுறை வந்தால் போதும். அவரோ இரண்டு வருடமாக வாரம் தவறாமல் வந்து, போட்ட எண்ணெயையே மறுபடி போட்டுவிட்டு, அவள் கையெழுத்திடும் அந்த அரை நிமிஷத்துக்காக மற்ற நாட்களைத் தள்ளிக்கொண்டிருந்தார். வயது நாற்பது. கல்யாணம் ஆகவில்லை. அவளிடம் அதுவரை பேசியதெல்லாம் “இங்க ஒரு கையெழுத்துங்க” மட்டும்தான்.

வீட்டிலிருந்த பழைய அகராதியில் அந்த வார்த்தை இல்லை. ‘கட்’ (gut) மட்டும் இருந்தது: குடல், வயிறு. குனிந்து தன் தொப்பையைப் பார்த்தார். மனசு விட்டுப்போயிற்று.

மறுநாளிலிருந்து அரைச் சாப்பாடு. அவள் எதிரில் வயிற்றை எக்கிக்கொண்டு நின்றதில், பேசிவந்த அந்த ஒரு வாக்கியமும் போயிற்று. கோபமா என்று அவள் கேட்டாள். பதில் சொல்ல மூச்சு இல்லை. அடுத்த வாரம் சாப்பாட்டையே நிறுத்தி, லிஃப்டுக்குள் மயங்கி விழுந்தார். தண்ணீரோடு ஓடிவந்தவள் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். அதையும் தொப்பையைச் சொன்னதாகவே எடுத்துக்கொண்டார்.

தட்டைத் தள்ளிவைத்த தம்பியை அக்கா குடைந்தெடுத்ததில் விஷயம் வெளியே வந்தது. கல்லூரியில் படிக்கும் அக்கா மகள் சிரித்துவிட்டாள்.

“மாமா, அதுக்கு தைரியசாலின்னு அர்த்தம். தைரியம் குடல்லதான் இருக்குன்னு அந்தக் காலத்துல நெனச்சாங்களாம். நாம மட்டும் என்ன, பயந்தா வயித்துல புளியைக் கரைக்குதுன்னுதானே சொல்றோம்?”

அன்று மூன்று தட்டுச் சோறு உள்ளே போனது.

மறுநாள் காலை வயிற்றை எக்காமல் மேஜை முன் போய் நின்றார். அட்டையை நீட்டவில்லை.

“நீங்க எழுதினதுக்கு இப்பதாங்க அர்த்தம் தெரிஞ்சுது. அந்த தைரியத்துல கேக்கறேன். என்கூட ஒரு காபி சாப்பிட வரீங்களா?”

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் முகத்தைப் பார்த்து அதை விழுங்கிக்கொண்டாள்.

“அஞ்சாவது மாடி கேன்டீனுக்குப் போலாம்,” என்று எழுந்தாள். “ஆனா படியேறிப் போலாம்.”

ஐந்து மாடி முழுக்க அவளோடு. அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. அவள் பின்னால் முதல் படியில் கால் வைத்தபோது, வாசல் காவலாளி அவர் காதருகே குனிந்தார்.

“சார், அந்தம்மா தைரியசாலின்னு எழுதினது உங்களை இல்ல. வாராவாரம் நீங்க வந்து பாக்க வேண்டியிருக்கிற இந்த லிஃப்டுல ஏறுறவங்களை.”