கம்பளிக்குள் படச்சுருள்

கம்பளிக்குள் உட்கார்ந்திருந்த சுதர்ஷினிக்குப் படச்சுருள் சக்கரத்தில் ஏறவே இல்லை. இருட்டிலேயே அதைச் சுற்றி, கறுப்பு டப்பாவுக்குள் வைத்து மூட வேண்டும். மூடிவிட்டால் போதும், மருந்து ஊற்றிக் கழுவுவதை வெளிச்சத்தில் செய்யலாம். அதற்கு முன் ஊசிமுனை வெளிச்சம் பட்டாலும் கிஷாந்த் கரைந்துபோவான்.

போன வாரம் பனி விலகிய ஒரு நொடியில், தன் ஆட்டோவில் சாய்ந்து நின்றவனைக் கேமராவில் எடுத்திருந்தாள். அப்போது அவன் பார்த்தது அவளையா, மலையையா? கேட்க வாய் வராது. படம் சொல்லும். ஹட்டன் ஸ்டூடியோவில் கழுவக் கொடுத்தால், படத்துக்கு முன்னால் சேதி தோட்டத்து லயத்துக்கு, இந்த வரிசை வீடுகளுக்கு, வந்துவிடும். அதனால்தான் டப்பா, சக்கரம், மருந்து எல்லாம் சொந்தமாக வாங்கியிருந்தாள்.

தகரக் கூரையில் ஓட்டைகள், அதனால் கம்பளி. நேற்றைய வெயிலின் வாசம் அதில் இன்னும் இருந்தது. உள்ளே வேர்த்தது. விரல் வழுக்கியது. சுருள் பாதியில் சிக்கியது. வியர்வை ஈரம் பட்டால் சுருள் ஒட்டிக்கொள்ளும் என்று தெரிந்தது, விரல்தான் கேட்கவில்லை.

"என்னாடி, பகல்ல கதவச் சாத்தியிருக்க?"

பக்கத்து வீட்டுப் பேச்சியம்மா. லயத்தில் யாரும் கதவைத் தட்டுவதில்லை, தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிடுவார்கள்.

"பெரியம்மா, கம்பளியத் தொடாதீங்க!"

"ஏன், குளிருதா?"

ஆமாம் என்றால் போய்விடுவாள். "ஆமா, லேசா."

"ஐயையோ, குளிர்காய்ச்சல்!"

இன்னொரு கம்பளி மேலே விழுந்தது. இருட்டுக்கு நல்லதுதான். மூச்சு முட்டி முனகினாள்.

"புள்ள அனத்துதே! யாராச்சும் ஆட்டோவக் கூப்புடுங்க!"

தோட்டத்தில் இருந்தது ஒரே ஆட்டோ.

கம்பளியோடு அவளைத் தூக்கிக் கிஷாந்தின் வண்டியில் வைத்தார்கள். பேச்சியம்மாவும் ஏறிக்கொண்டாள். ஆஸ்பத்திரிப் பாதை தேயிலைக்குள் வளைந்து வளைந்து இறங்கியது. ஒரு குழி தூக்கிப்போட்டது. சிக்கியிருந்த சுருள் சடக்கென்று சக்கரத்தில் ஏறியது. டப்பாவைத் திருகி மூடினாள்.

தலையை வெளியே நீட்டினாள். பனி வண்டிக்குள்ளும் வந்திருந்தது. மடியில் டப்பா, அதற்குள் கிஷாந்தின் இரண்டு கண்கள், எங்கே பார்ப்பதென்று இன்னும் முடிவு செய்யாமல். நிமிர வெட்கமாக இருந்தது. எதற்கு நிமிர வேண்டும்? எல்லாம் இதற்குள்தான் இருக்கிறது.

"காய்ச்சல் இல்ல, பெரியம்மா," என்றாள் மெதுவாக. "போட்டோ ரோலு. வெளிச்சம் படக்கூடாதுன்னுதான்..."

பேச்சியம்மா டப்பாவை எட்டிப் பார்த்தாள்.

"மேசையில சின்னக் குப்பியிலேருந்து நாக்க நீட்டிக்கிட்டு கெடந்துச்சே, அந்தச் சுருளா? நேத்து அபூர்வமா வெயில் அடிச்சுச்சா, பூஞ்சணம் புடிச்சிரும்னு ஒன் துணியோட அதையும் முழுசா இழுத்துக் கொடியில காயப்போட்டு, திரும்பச் சுத்தி வச்சேன். அது கெடக்கட்டும். நீ தலைய நீட்டுனதுலேருந்து இந்தத் தம்பி ரோட்டப் பாக்காம கண்ணாடியில ஒன்னையே பாத்துக்கிட்டு வருது. அத மொதல்ல என்னான்னு கேளு!"