துயர அத்தாட்சிப்பத்திரம்

பிறந்தால் அதற்கொரு அத்தாட்சிப்பத்திரம் உண்டு. செத்தால் அதற்கும் உண்டு. கல்யாணம் கட்டினால், வீடு மாறினால், ஒழுங்காக நடந்துகொண்டால்கூட நம் நாட்டில் ஒரு கடதாசி கிடைக்கும். மனிதர் துன்பப்பட்டதற்கு மட்டும் அரச முத்திரை குத்திய கடதாசி எதுவும் இல்லாதிருந்தது. இந்தப் பெருங்குறையை நீக்கிய புகழ் ஒரு பல்கலைக்கழகத்தின் தொழில்சார் மற்றும் படைப்பாக்க எழுத்துத்துறையைச் சேரும். அந்தக் கடதாசிக்காக நாயாக அலைந்த பெருமை பதுளை ஜீவராணியைச் சேரும்.

ஜீவராணியின் மகள் துஷாந்தினி அந்தத் துறையில் இறுதியாண்டு மாணவி. எழுதுவதற்கெல்லாம் ஒரு பட்டமா என்று அக்கம்பக்கத்தார் வாயைக் கோணினால், "ஆக்கத் தெரிஞ்சவளுக்கே சேர்ட்டிபிக்கட் இல்லாம ஹோட்டல்ல வேலை தரமாட்டான். எழுத்து மட்டும் என்னா, சும்மா கெடக்கா?" என்று ஜீவராணி மடக்கிவிடுவாள். உள்ளுக்குள் அவளுடைய கணக்கு வேறு. பட்டம் கிடைத்தால் என்றைக்காவது அரசாங்க நியமனம். நியமனம் கிடைத்தால் மகள் மேசைக்கு அந்தப் பக்கம் உட்காருவாள். ஜீவராணி ஆயுள் முழுக்க மேசைக்கு இந்தப் பக்கம் நின்று கால் வீங்கியவள்.

இறுதிப் பரீட்சைக்குத் துஷாந்தினி ஒரு கதை எழுதிக் கொடுத்தாள். பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பேய் கொத்துரொட்டி போடுகிறது. கை தெரியாத வேகம். சம்பளமும் கேட்பதில்லை, லீவும் கேட்பதில்லை என்பதால் முதலாளி அதைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார். வாசித்த ஜீவராணி சிரித்த சிரிப்பில் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.

துறைத்தலைவர் கலாநிதி தயாபரன் சிரிக்கவில்லை. 'மலையக எழுத்தில் அட்டை' என்ற ஆய்வுக்குக் கலாநிதிப் பட்டம் வாங்கியவர் அவர். கடிக்கிற அட்டையை நேரில் பார்க்கும் வாய்ப்பு மட்டும் இன்னும் அமையவில்லை.

"அட்டை எங்கே?" என்று கேட்டாராம்.

"பேய்க்கு ரத்தம் இல்லயே சேர். அட்டை எதைக் குடிக்கும்?"

"அப்ப மூடுபனி? கண்ணீர்?"

"கொத்துக்கு வெங்காயம் அரியிற எடத்துல கொஞ்சம் கண்ணீர் வருது சேர்."

அது செல்லாதாம். துறையின் சுற்றுநிருபம் தெளிவாகச் சொல்லிவிட்டது: யாழ்ப்பாணத்துப் பிள்ளையின் கதையில் பனை இருக்க வேண்டும், மட்டக்களப்புப் பிள்ளையின் கதையில் வாவி இருக்க வேண்டும், மலையகத்துப் பிள்ளையின் கதையில் அட்டை, மூடுபனி, கண்ணீர் மூன்றும் இருந்தே ஆக வேண்டும். கொழும்புப் பிள்ளை எதை வேண்டுமானாலும் எழுதலாம். துஷாந்தினி வீட்டுக்கு வந்து கண்ணை மூடிக்கொண்டு ஓர் அட்டையைச் சேர்த்தாள். தயாபரன் அதைப் பிடித்துவிட்டார். "இது பட்டு எழுதிய அட்டை இல்லை, கேட்டு எழுதிய அட்டை. நீர் துன்பப்பட்டவர் என்று அதிகாரம் உள்ள ஒருவரிடம் அத்தாட்சி கொண்டு வாரும். அதுவரை பெறுபேறு வராது."

"பெறுபேறு வராட்டி?" என்றாள் ஜீவராணி.

"பட்டமும் வராதும்மா."

ஜீவராணி குடையை எடுத்தாள்.

முதலில் ஜீ.எஸ். கந்தோர். "வதிவிடத்துக்குத் தரலாம், நன்னடத்தைக்குத் தரலாம். துயரத்துக்கு என்கிட்ட ஃபோம் இல்லயே" என்றார் கிராம உத்தியோகத்தர்.

"நன்னடத்தை வேணாங்க சேர். அத வச்சிக்கிட்டு எழுத ஏலாதாம்."

"ஒங்க வீட்டுல பைப் தண்ணி வருது. புருஷன் பாமசில மருந்து குடுத்துக்கிட்டு நிழல்ல நிக்கிறாரு. என் பிரிவுல துயரம் பதிவே இல்லம்மா. அதெல்லாம் தோட்டத்துப் பக்கம் கேளுங்க."

தோட்டத்தில் ஆள் இருந்தது. பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாய் ஒட்டிக் கட்டிய காம்பராக்களில் ஒன்றில்தான் ஜீவராணி பிறந்தாள். அண்ணன் முருகையா இன்னும் அங்கேதான் இருக்கிறார். ஆகவே அம்மாவும் மகளும் பஸ்ஸில் குலுங்கிப் போய்த் தோட்டத்து மனேஜர் தொரையைப் பார்த்தார்கள். தொரை கண்ணியமானவர், நாற்காலி கொடுத்தார்.

"எங்க தோட்டத்துல துயரம் இல்ல. இருக்குன்னு நான் கையெழுத்துப் போட்டா, நாளைக்கு எனக்கே துயரம் வந்துடும். வேணும்னா 'துயரம் இல்லை'ன்னு தாறேன். அதுக்கு ரப்பர் ஸ்டாம்ப்பே வச்சிருக்கேன்."

அடுத்து பிரதேச செயலகம். அங்கே மேசை மேசையாக நின்று, தேநீர் இடைவேளைகளுக்கு வழிவிட்டு, "அடுத்த கெழம வாங்க" என்பதற்கு அடுத்த கிழமையும் போய், கடைசியில் ஒரு தீர்வு பிறந்தது. துயரம் உண்டா இல்லையா என்பதைக் கள உத்தியோகத்தர் அகீல் நேரில் போய்ப் பரிசோதிப்பார். பிள்ளையின் பரம்பரைத் துயரம் தாய்மாமன் வீட்டில் தென்பட்டாலே போதுமானது.

ஜீவராணி அண்ணனுக்குப் போன் போட்டாள். "அண்ணே, ஆபிசர் வர்றாரு. வீடு எப்பிடி இருக்கோ அப்பிடியே இருக்கட்டும்."

"ஆபிசரா? நம்ம ஊட்டுக்கா?" என்றார் முருகையா. அந்தக் குரலில் இருந்த குதூகலத்தைக் கேட்டபோதே அவள் உஷாராகி இருக்க வேண்டும்.

பரிசோதனை நாளன்று மகளோடு போய் இறங்கினால், லயத்தைக் காணவில்லை. அது இருந்த இடத்தில் வெள்ளை வெளேரென்று ஏதோ ஒன்று நின்றது. வாசலில் சந்தனம், குங்குமம், கற்கண்டு. கோயில் கமிட்டியின் பிளாஸ்டிக் நாற்காலிகள். அகீல் சேர் முஸ்லிம் ஆயிற்றே என்று பசறையிலிருந்து லத்தீப் நானாவைக் கூட்டிவந்து சேவலை முறைப்படி அறுத்து, புதுச் சட்டியும் புதுப் பீங்கானும் வாங்கி, மூன்று காம்பராக்காரர்கள் சேர்ந்து சமைத்திருந்தார்கள். அகீல் காலடி வைத்ததும் கோயில் ஒலிபெருக்கி நாதஸ்வரத்தைத் திறந்துவிட்டது.

"அண்ணி, என்னா இது?" என்று ஜீவராணி பல்லைக் கடித்தாள்.

"பின்ன? ஊட்டுக்கு வர்ற மனுசருக்குக் கிழிஞ்ச பாயா போடுறது? மானம் போயிரும்" என்றாள் இராக்கம்மா. பட்டுச்சேலை கட்டியிருந்தாள்.

அகீல் கடமை தவறாதவர். ஒரு கையில் பேனாவும் மறு கையில் கோழிக்காலுமாக விசாரணையைத் தொடங்கினார்.

"கூரை ஒழுகுமா?"

"நல்லா ஒழுகுங்க சேர்!" என்றார் முருகையா பெருமையாக. "நீங்க வாறீங்கன்னு நேத்து லயமே சேர்ந்து ஏறித் தார் பூசிட்டோம். ஒரு சொட்டு ஒங்க மேல விழாது."

"அட்டை?"

"ஐயையோ, பயப்படாதீங்க. நீங்க வர்ற பாத பூரா சுண்ணாம்பு போட்டாச்சு."

ஜீவராணி அண்ணனின் விலாவில் இடித்தாள். "அழுங்கண்ணே!"

"சாப்புட்டுக்கிட்டு இருக்கறவரு முன்னால அழுவுறதா? ஒனக்கு பதுள டவுன்ல இதத்தான் சொல்லிக் குடுத்தாங்களா?"

அறிக்கை வந்தது. 'பரிசோதிக்கப்பட்ட இடத்தில் துயரம் எதுவும் அவதானிக்கப்படவில்லை. கோழிக்கறி திருப்திகரம். விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது.'

அந்தக் கடதாசியோடு ஜீவராணி அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் பல்கலைக்கழகத்துக்கே போனாள். கொட்டுகிற மழை. தயாபரனின் அறைக்குள் கதவைத் தட்டாமல் நுழைந்தாள்.

"ஏன் சேர், ஒங்களுக்கெல்லாம் மனசாட்சி இருக்கா? எம்புள்ள பேய்க்கதை எழுதினா ஒங்களுக்கு என்னா? ஜீ.எஸ்ஸப் பாத்தேன், தொரயப் பாத்தேன், செயலகத்துல நின்டு கால் வெடிச்சுப் போச்சு. என் ரத்தத்த உறிஞ்சாத ஆபிஸ் இந்த மாகாணத்துல ஒண்ணு பாக்கி இல்ல!"

தயாபரன் நாற்காலியிலிருந்து எழுந்தார். "அட்டை" என்றார் மெல்ல. "குறியீட்டு அட்டை!"

"என்னா?"

"உங்கள் மூக்குக்கண்ணாடி, அம்மா! முழுக்க மூடுபனி!"

"மழையில ஓடியாந்தா கண்ணாடி மங்காம என்னா செய்யும்?" என்று கத்தினாள். ஆத்திரத்தில் கண்ணிலிருந்து ஒரு சொட்டு அவருடைய மேசையில் விழுந்தது.

"மூன்றும் பூரணம்!" என்று கூவிய தயாபரன், அந்தச் சொட்டு காய்வதற்குள் நாட்டின் முதலாவது துயர அத்தாட்சிப்பத்திரத்தைத் தன் கையாலேயே எழுதி ஒப்பமிட்டார். துஷாந்தினிக்கு முதல் வகுப்பு. பேய்க்கதையை அதன்பிறகு யாரும் வாசிக்கவில்லை.

நல்ல கடதாசி ஒன்று பிறந்தால் நம் கந்தோர்கள் அதைச் சும்மா விடுமா? துயர அத்தாட்சி இல்லாமல் வங்கிக் கடன் இல்லை என்றானது. முதலாம் வகுப்புக்குப் பிள்ளை சேர்க்கவும் அது வேண்டும், கூரைத் தகரம் கேட்கவும் அது வேண்டும். பட்டதாரி நியமனம் வந்தபோது, துயர அத்தாட்சி உத்தியோகத்தர் என்ற புதிய பதவிக்குப் பொருத்தமான பட்டம் நாட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. துஷாந்தினிக்கு மேசை கிடைத்தது. ஜீவராணி தெரு முழுக்கக் கேக் கொடுத்தாள்.

அந்த ஐப்பசிக் காற்றில் முருகையாவின் கூரை பறந்துபோனது. பூசிய தாரும் சேர்ந்தே போனது. தகரம் கேட்டு விண்ணப்பிக்க அண்ணனைக் கூட்டிக்கொண்டு ஜீவராணி செயலகத்துக்குப் போனாள். வரிசையில் நின்றாள். முறை வந்தது.

"வாங்க மாமா, இருங்க. இருப்பிடம் இந்தப் பிரிவா? ரெண்டு பிரதி கொண்டாந்தீங்களா?" என்றாள் துஷாந்தினி, தலையை நிமிர்த்தாமல்.

"அடியே, ஒன் மாமன்டி! கூரை பறந்தத ஊரே பாத்துச்சு!"

"ஊர் பாத்தா பத்தாதும்மா. உத்தியோகத்தர் பாக்கணும். வர்ற வெள்ளிக்கிழம நான் நேர்ல வாறேன். இருக்கற நெலமய அப்பிடியே பாத்துத்தான் எழுதுவேன். அடுத்த ஆள்!"

ஜீவராணி குடையைத் தரையில் ஓங்கி ஊன்றிக்கொண்டு நடந்தாள். ஆனாலும் வாசல் வரை போய் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். மேசைக்கு அந்தப் பக்கம், மின்விசிறிக்குக் கீழே, கையில் ரப்பர் ஸ்டாம்ப்போடு அவள் பெற்ற பிள்ளை.

படியிறங்கும்போது முருகையா தயங்கித் தயங்கிக் கேட்டார். "ஏம் புள்ள, ஒம் மக ஆபிசராகி மொத மொதல்ல நம்ம லயத்துக்கு வருது. கூரயில்லாம வானத்தப் பாத்துக்கிட்டா உக்கார வைக்கிறது?"

"என்னாண்ணே பேசுறீங்க? மானம் போயிராதா?" என்றாள் ஜீவராணி, கைப்பையைத் திறந்தபடி. "வாங்க, இப்பவே கடைக்குப் போயி தகரம் எடுப்போம். வியாழக்கிழமைக்குள்ள கூரையப் போட்டுருங்க. அப்புறம், இந்தத் தடவ சேவல் ரெண்டா அடிங்க."