முதலையாரின் இலவச நீச்சல் வகுப்பு

ஒரு காட்டில் சிங்கம் ராஜாவாக இருந்தது என்று தொடங்கினால் உங்களுக்குப் பிடிக்கும். இந்தக் காட்டில் சிங்கம் கிடையாது. ஒரு மொட்டைப் பாறை இருந்தது, அதன் உச்சியில் மட்டும் சிக்னல் கிடைத்தது. ஆகவே எல்லா விலங்குகளும் அந்தப் பாறைக்குக் கட்டுப்பட்டு வாழ்ந்தன. விலங்குகளுக்குக் கைப்பேசி எப்படி வந்தது என்று கேட்பவர்கள், ஒருமுறை சுற்றுலா போய்க் குரங்கின் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்துப் பார்க்கவும்.

அந்த வருடம் மழை பொய்த்துவிட்டது. இக்கரையில் புல் கருகிப்போனது. அக்கரையில் ஏதோ ஊற்று இருந்ததால் பச்சைப் பசேலென்று புல். நடுவே ஆழமான ஆறு, ஆற்றுக்குள் முதலை.

முதலைக்கும் பஞ்சம்தான். வனத்துறை லாரியில் தண்ணீர் கொண்டுவந்து சிமென்ட் தொட்டியில் நிரப்ப ஆரம்பித்ததிலிருந்து ஒரு பிராணியும் ஆற்றுப்பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. பசியில் யோசித்த முதலை, பேராசிரியர் மகரநாதன் என்ற பெயரில் இணையத்தில் நீச்சல் பள்ளி திறந்தது. பத்துப் பாடம் வீடியோவில். பதினொன்றாம் பாடம் ஆற்றில், செய்முறை. பாடத்துக்கு ஒரு சான்றிதழ். எல்லாமே இலவசம்.

காடே சேர்ந்தது. ஓசியில் கிடைத்தால் பினாயிலையும் குடிக்கிற கூட்டம் மனிதர்களிடம் மட்டுமா இருக்கிறது? நேரில் பார்த்தால் முதலை, போனில் பார்த்தால் சார். அவ்வளவுதான் வித்தியாசம்.

சேர்ந்தார்களே தவிர, யார் படித்தார்கள்? யானை முதல் பாடத்திலேயே தூங்கிவிட்டது. மயில் "அருமை சார், வாழ்த்துகள்" என்று எழுதிவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டது. காட்டுப்பன்றி எல்லாப் பாடங்களையும் அப்புறம் பார்க்கலாம் என்று சேமித்து வைத்தது. இன்னும் வைத்திருக்கிறது.

"என்ன சார், செய்முறைக்கு ஒருத்தரும் வரலையே?" என்று கேட்டது, முதலைக்குப் பல் குத்திவிடும் குருவி.

"எல்லாரும் சேர்றாங்கம்மா. ஒருத்தனும் முடிக்க மாட்டேங்கிறான். இப்படி இருந்தா இந்தக் காடு எப்படி உருப்படும்?" என்று சொல்லி முதலை கண்ணீர் விட்டது. அந்த ஒருமுறை மட்டும் அது நிஜக் கண்ணீர்.

முயல் குணசீலன் மட்டும் வேறு ரகம். அவனுக்குப் படிப்பின் மேல் பக்தி. பாறைமேல் குப்புறப் படுத்துக்கொண்டு, வீடியோவைப் பார்த்தபடி காலை உதைத்து உதைத்து நீந்தப் பழகினான். வயிற்று முடி தேய்ந்தே போய்விட்டது. பாட முடிவில் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் முழு மதிப்பெண்.

அவன் பக்கத்தில் வெள்ளச்சி என்ற ஆடு. அவளுக்கு வேறொரு படிப்பு முறை. எந்த வகுப்பாக இருந்தாலும் சேருவாள், முதல் பாடத்தை மட்டும் பார்ப்பாள், அதற்கான சான்றிதழைக் குரங்கு எங்கிருந்தோ தூக்கிவந்த பிரிண்டரில் அடிக்கச் சொல்லித் தின்றுவிடுவாள். பருந்து கோழிக்குஞ்சுகளுக்கு நடத்திய வானியல், சிலந்தி ஈக்களுக்கு நடத்திய நெசவு, நரி நண்டுகளுக்கு நடத்திய சமையல் எல்லாவற்றிலும் அவள் முதல் பாடம் தேறியிருந்தாள்.

"இப்படி நுனிப்புல் மேயறீங்களே அக்கா. ஒண்ணையாச்சும் முழுசா முடிங்களேன்" என்றான் முயல்.

"புல்லு இருந்தா மேய மாட்டேனா தம்பி? காகிதம்தானே இருக்கு."

"கவலைப்படாதீங்க. நான் நீந்தி அக்கரைக்குப் போயிட்டா, உங்களுக்கும் ஒரு கட்டுப் புல்லு கொண்டாந்து தரேன்."

அதுவரை யாரும் வெள்ளச்சிக்கு எதையும் கொண்டுவருவதாகச் சொன்னதில்லை.

"தம்பி, சார் முதல் பாடத்துல வாயைத் திறக்காமயே பேசினாரே. ஏன்னு யோசிச்சியா?"

"அது மூச்சுப் பயிற்சி அக்கா. ஏழாம் பாடத்துல விளக்கியிருக்கார். முழுசாப் பார்க்காதவங்களுக்குப் புரியாது."

முதல் பாடத்தோடு நின்றவள் பத்தும் படித்தவனோடு என்ன வாதாடுவாள்?

அப்போது குணசீலனின் கைப்பேசி சிணுங்கியது. 'பதினொன்றாம் பாடம் உங்களுக்காகக் காத்திருக்கிறது.' குணசீலன் காதைத் தடவிச் சரிசெய்துகொண்டு கிளம்பினான்.

"வாப்பா குணசீலா, இத்தனை பேர்ல நீ ஒருத்தன்தான் கடைசிவரைக்கும் வந்திருக்கே" என்று ஆற்றுக்குள்ளிருந்து வரவேற்றார் பேராசிரியர், பல்லைக் கடித்தபடி.

குணசீலன் தண்ணீரில் இறங்கினான். பரவாயில்லை, மிதந்தான். பாதி ஆறு தாண்டியதும் நல்ல மாணவனுக்கு வரவேண்டிய சந்தேகம் வந்தது.

"சார், தண்ணிக்குள்ள முதலை வந்துட்டா என்ன பண்ணணும்?"

"நல்ல கேள்வி. ஆனா அது பாடத்திட்டத்துல இல்லையேப்பா" என்று சார் முதல்முறையாக வாயைத் திறந்தார்.

கொஞ்ச நேரத்தில் பாறை உச்சியில் இருந்த குரங்கின் குகையில் பிரிண்டர் தானாக ஓடியது. 'செல்வன் குணசீலன், முழுத் தேர்ச்சி, முதல் வகுப்பு.' வெள்ளச்சி அதைப் படித்துவிட்டு ஆற்றைப் பார்த்தாள். முயல் இக்கரையிலும் இல்லை, அக்கரையிலும் இல்லை. அவள் அழுதாள். மனசாரத்தான் அழுதாள். அழுது முடித்ததும் பசித்தது. முழுத் தேர்ச்சிக்குக் கெட்டிக் காகிதம் போட்டிருந்தார்கள், அன்றைக்கு வயிறு நிறைந்தது.

அடுத்த வாரம் மழை கொட்டி, இக்கரையிலேயே புல் முளைத்தது.

மகரநாதன் பள்ளியின் புது விளம்பரம் இப்படி வந்தது: 'படிப்பை முடித்தவர்களில் நூற்றுக்கு நூறு பேருக்கும் எங்கள் நிறுவனத்துக்குள்ளேயே இடம்.' மறுபடியும் காடே சேர்ந்தது. வெள்ளச்சியும் சேர்ந்தாள், பழக்க தோஷம். முதல் பாடத்தைப் பார்த்துவிட்டுப் புல் மேயப் போனாள்.

நீதி: படிப்பு கட்டாயம் சோறு போடும். யாருக்கு என்பதை மட்டும் சேரும்போதே கேட்டுக்கொள்ளவும்.