பெயர் சொல்லாத வட்டி

ஊரறிய நடக்கும் கொடுமைக்குத் தண்டனை உண்டு. ஊரறியாமல் நடக்கும் கொடுமைக்கு வட்டி மட்டுமே உண்டு. வாசகப் பெருமக்களே, கையிலிருக்கும் வேலையைச் சற்றே ஒதுக்கிவைத்துவிட்டு ஜூஜுவாடி வரைக்கும் வாருங்கள். கர்நாடக எல்லைக்கு இப்பால், லாரிகளின் புகை ஓயாத நெடுஞ்சாலையின் ஓரத்தில், சரோஜம்மாளின் டிபன் கடை முன்னால் ஓர் உழைப்பாளி தலைகுனிந்து நிற்கிறான். அவன் திருடவில்லை. பொய்ப் பத்திரம் எழுதவில்லை. வாரம் முந்நூறு ரூபாய் வட்டியில் ஐம்பது ரூபாய் குறைகிறது. அதுதான் அவன் செய்த குற்றம்.

அவன் பெயர் சிவராஜ். வண்டி உதிரிப்பாகத் தொழிற்சாலை ஒன்றில் இரவு ஷிப்டு பார்க்கும் காண்ட்ராக்ட் தொழிலாளி.

"அம்பது கொறையுதேப்பா," என்றார் சரோஜம்மாள், வடைச் சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமலே.

"அடுத்த சனிக்கிழமை சேத்துக் குடுத்துடறேங்க்கா."

"எனக்கென்னா? நான் நடுவுல நிக்கறவ. குடுத்தவங்க கேப்பாங்களே."

"யாருக்கா அவங்க? ஒருதரம் நேர்ல பாத்துப் பேசிக்கறேன்."

"அது நடக்காது. உன் பேரை அவங்ககிட்டச் சொல்ல மாட்டேன், அவங்க பேரை உன்கிட்டச் சொல்ல மாட்டேன். வாங்குனவனுக்கும் மானம், குடுத்தவங்களுக்கும் மானம். டீ குடிக்கறியா?"

அந்தப் பக்கத்துப் பழக்கம் அது. எட்டு மாவட்டத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள் சுவருக்குச் சுவர் ஒட்டிக் குடியிருக்கும் இடத்தில், இன்னாருக்கு இன்னார் கடன்காரர் என்று தெரிந்துவிட்டால் குழாயடியில் நின்று தண்ணீர் பிடிக்க முடியாது. ஆகவே பணம் ஒரு நடுக்கை வழியாகவே போகும், நடுக்கை வழியாகவே திரும்பும். முகம் தெரியாத கையொன்று கொடுக்கிறது; முகம் தெரியாத கையொன்று பறிக்கிறது. இதற்குப் பெயர் மானமாம்.

சிவராஜ் ஏன் கடன்பட்டான்? ஊதாரித்தனத்தால் அல்ல. தொழிற்சாலையில் ஓவர்டைமை நிறுத்திவிட்டார்கள். வருமானம் குறைந்ததை மனைவி கவிப்ரியாவிடம் சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை. அவளுடைய ஜிமிக்கி ஒரு காலத்தில் அடகுக் கடைக்குப் போய் அங்கேயே குடியேறிவிட்டது. அன்று அவள் சொன்ன வார்த்தை இன்றும் அவன் காதில் இருந்தது: "இனிமே எனக்குத் தெரியாம ஒரு ரூபா கடன் வாங்கினீங்கன்னு தெரிஞ்சா, நான் நாகரசம்பட்டிக்கு எங்கம்மா வீட்டுக்குப் போயிருவேன். அப்புறம் நீங்களாச்சு, உங்க கடனாச்சு."

கோபத்தில் சொல்லியிருந்தால் மறந்திருப்பான். அவள் கீரை ஆய்ந்துகொண்டே, அமைதியாகச் சொன்னாள்.

எனவே சரோஜம்மாள் வழியாக இருபதாயிரம் வாங்கி, ஓவர்டைம் ஓடுவதுபோலவே வீட்டுச் செலவுக்குக் கொடுத்துவந்தான். பணம் தீர்ந்தது. வட்டி மட்டும் தீரவில்லை.

கணவன் மனைவி பேசிக்கொள்ளக் கூடாதா என்று கேட்பீர்கள். எப்போது பேசுவது? அவள் அத்திப்பள்ளியில் ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியில் பகலெல்லாம் சட்டைக்குக் காலர் தைக்கிறாள். அவன் இரவெல்லாம் இரும்பு அழுத்துகிறான். காலையில் அவனை இறக்கிவிடும் பேருந்தும், அவளை ஏற்றிப்போகும் வேனும் மத்திகிரி கூட்டு ரோட்டில் சந்தித்துக்கொள்ளும். அந்த இரண்டு நிமிடம்தான் அவர்களுடைய இல்லறம்.

அந்த இல்லறத்தில்தான் சிவராஜ் தன் முதல் யோசனையை நிறைவேற்றினான். வட்டிக்குக் குறைந்ததை வீட்டுச் செலவில் பிடித்தான்.

"இந்த வாரம் ஆயிரம்தான் கவி. கேன்டீனுக்குப் பிடிச்சுட்டாங்க."

"போன மாசம் யூனிபார்முக்குப் பிடிச்சாங்க. அடுத்து என்னா, மூச்சு விடறதுக்கா?"

"கம்பெனி ரூல்ஸ்மா."

"அந்தச் சூப்பர்வைசர் நம்பர் குடுங்க. ரூல்ஸ் என்னான்னு நான் கேக்கறேன்."

வேன் ஹாரன் அடித்தது. தெய்வம் உண்டா என்பதில் எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு. வேன் டிரைவர் உண்டு என்பதில் சிவராஜுக்கு அன்று ஐயமே இல்லை.

அடுத்த சனிக்கிழமை முந்நூறை முழுதாக நீட்டினான். சரோஜம்மாள் எண்ணிப் பார்த்துவிட்டு, "இனிமே முன்னூத்தம்பதுப்பா," என்றார்.

"என்னக்கா அநியாயமா இருக்கு? ஒழுங்காத்தானே குடுத்தேன்?"

"அவங்க வீட்ல வரவு கொறைஞ்சு போச்சாம்."

"அவங்க வரவு கொறைஞ்சா அதுக்கு நான் என்னா பண்ணுவேன்?"

"அதை நான் கேக்க முடியுமா? நான் நடுவுல நிக்கறவ."

பார்த்தீர்களா? ஏழை தன் அடுப்பில் ஒரு பிடி குறைத்து நிமிர்ந்தால், வட்டி அவன் முதுகில் இன்னொரு பிடி ஏறி அமர்கிறது. வீட்டில் ஏற்பட்ட குறையை எங்கிருந்தோ கண்காணித்து அடிக்கும் அந்தக் கை யாருடையது?

"ஏதாவது ஒரு சாமான் அடமானமா இருந்தா, பழைய வட்டியே போதும்னு நான் பேசிப் பாக்கறேன்," என்றார் சரோஜம்மாள்.

சிவராஜ் வீட்டிலிருந்த மிக்சியைத் துணிப்பையில் வைத்துக் கம்பெனி பேருந்தில் ஏற்றிக்கொண்டுவந்து சேர்த்தான். மனைவியிடம், ஜாரில் ஒழுகுகிறது, ரிப்பேருக்குக் கொடுத்திருக்கிறேன் என்றான். சரோஜம்மாள் சிக்கனக்காரர். சும்மா கிடக்கும் பொருளைச் சும்மா கிடக்க விடமாட்டார். அன்றே அதில் தேங்காய் விழுந்தது.

மூன்றாம் நாள் காலை, கூட்டு ரோட்டில், கவிப்ரியா ஒரு பொட்டலத்தை அவன் கையில் திணித்தாள்.

"இட்லி வீட்ல இருக்கு. இது சட்னி. மிக்சி இல்லாம நான் என்னா பண்றது? நேத்து வேன் மாறும்போது ஜூஜுவாடியில ஒரு அம்மா கடையில வாங்கினேன். என்னமோ போங்க, அப்படியே நம்ம வீட்ல அரைச்ச மாதிரியே இருக்கு."

சிவராஜுக்கு வாயில் எதுவும் இல்லாமலே புரையேறியது.

"அந்தக் கடையிலயா? அங்க வாங்காத. சுத்தமில்ல."

"நீங்க எங்க பாத்தீங்க?"

"சொன்னாங்க."

"யாரு?"

"எல்லாரும்."

"வேற கடையில இருவது ரூபா ஜாஸ்தி."

"ஜாஸ்தியானாலும் பரவால்ல. உடம்பு முக்கியம்."

"அப்ப அந்த இருவதைக் குடுங்க."

அவன் சட்டைப் பையைத் தொட்டான். வேன் டிரைவர் அன்று கைவிட்டுவிட்டார், ஹாரன் வரவில்லை. இருபதைக் கொடுத்தான்.

சட்னி விலை ஏறியது. மாவும் பாக்கெட்டில் வாங்க வேண்டியதாயிற்று. வாரக் கடைசியில் சரோஜம்மாள் கையை நீட்டாமல் பெருமூச்சை நீட்டினார்.

"நானூறு கேக்கறாங்கப்பா. செலவு தாங்கலையாம்."

இத்தனை நாள் அடக்கிவைத்த நெஞ்சு அன்று பொங்கியது. "மனுஷத்தன்மைன்னு ஒண்ணு இருக்கான்னு கேளுங்கக்கா. நாங்க ரத்தத்தைக் குடுத்து வேலை செய்யறோம். உக்காந்த எடத்துல காசு எண்றவங்களுக்கு அது எங்க தெரியும்?"

"அப்படியே சொல்லட்டுமா?"

"அப்படியே சொல்லுங்க."

சரோஜம்மாள் அப்படியே சொன்னார். பதிலையும் அப்படியே கொண்டுவந்தார்.

"அந்த ஆளுக்குப் பொண்டாட்டின்னு ஒருத்தி இருந்தா, அவ தலையெழுத்தை நெனைச்சாத்தான் பாவமா இருக்காம். சொல்லச் சொன்னாங்க."

உழைப்பவனின் குடும்பத்தை இழுத்துப் பேசும் துணிவைக் கவனியுங்கள். சிவராஜ் பல்லைக் கடித்தான். லீவு போட்டவர்களுக்குப் பதிலாகப் பகல் ஷிப்டையும் சேர்த்துப் பார்ப்பது, கேன்டீன் சாப்பாட்டை ஒருவேளையாகக் குறைப்பது, ஒரே மாதத்தில் அசலைத் தூக்கி அந்த முகத்தில் எறிவது என்று உறுதி பூண்டான். இரண்டாம் நாளே பிரஸ் மெஷின் அருகில் மயங்கி விழுந்தான். கம்பெனி கருணையோடு நடந்துகொண்டது: தண்ணீர் தெளித்து எழுப்பி, ஒரு வாரம் வரவேண்டாம், சம்பளமும் வராது என்று சொல்லி அனுப்பியது.

அந்த வாரம் வீட்டுக்குப் பாதிப் பணம்கூடப் போகவில்லை. ஆனாலும் ஷிப்டுக்குப் போவதுபோல அன்றாடம் மாலையில் கிளம்பி, சக தொழிலாளி விமல்ராஜின் அறையில் போய்ப் படுத்துக்கொண்டான். சனிக்கிழமை சரோஜம்மாள் அவனை உள்ளே அழைத்து, குரலைத் தாழ்த்தினார்.

"முழு அசலும் வேணுமாம். இல்லன்னா நாளைக்கு மத்தியானம் கம்பெனி கேட்ல போய் நின்னு, மயங்கி விழுந்த ஆளு யாருன்னு விசாரிச்சு, நேரா உன் வீட்டுக்கே வருவாங்களாம். உன் பொண்டாட்டிகிட்ட உக்காந்து எல்லாத்தையும் சொல்லிட்டுத்தான் எந்திரிப்பாங்களாம்."

"நான் மயங்கி விழுந்தது அவங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"நான்தான் சொன்னேன். பாவம் பாத்து விடுவாங்கன்னு."

பூட்டை உடைக்கலாம், பண்டத்தைத் தூக்கலாம், தெருவில் வைத்து ஏசலாம். சிவராஜ் எதையும் தாங்குவான். மனைவியிடம் சொல்லிவிடுவேன் என்ற அந்த ஓர் ஆயுதத்தை மட்டும் அவனால் தாங்க இயலாது. நாகரசம்பட்டிப் பேருந்தில் கவிப்ரியா ஏறுவது அவன் கண்முன் தெரிந்தது. ஜன்னலோர இருக்கைகூடக் கிடைத்துவிட்டது அவளுக்கு.

ஞாயிறு காலை ஓவர்டைம் என்று சொல்லிப் புறப்பட்டான்.

"போங்க," என்றாள் கவிப்ரியா, தலை வாரிக்கொண்டே. "நானும் மத்தியானம் வெளிய போறேன். ஒரு ஆளைப் பாக்கணும்."

"யாரை?"

"வந்து சொல்றேன். இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துட்டுத்தான் வருவேன்."

கேட்க அவனுக்கு நேரமில்லை. ஓர் அநீதியை அதன் வாசலிலேயே மடக்க வேண்டியிருந்தது. துணைக்கு விமல்ராஜை அழைத்துக்கொண்டான். விமல்ராஜ் தென்காசிக்காரன், கேட்டில் ஒரு நாள் கூட்டம் போட்டுப் பேசியதற்காக இரண்டு கம்பெனியிலிருந்து நீக்கப்பட்டவன்.

"விடு மாப்ள. நாலு வார்த்தை நறுக்குன்னு கேப்போம். வட்டின்னா என்னன்னு அவனுக்கே மறந்து போகணும்."

ஜூஜுவாடியில் கடை மூடிக் கிடந்தது. சரோஜம்மாள் உறவில் ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டார். வாசலில் அவருடைய தம்பி கரியப்பன் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தார். வாரா வாரம் வட்டிப் பணத்தைக் கொடுக்க வேண்டிய வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்பவர் அவர்தான்.

"அண்ணே, அந்த வட்டிக்குக் குடுத்தவங்க வீட்டுக்குப் போகணும். வாங்கினவன் நான்தான்."

"ஐயோ, பேரு சொல்லக் கூடாதுன்னு அக்கா சொல்லியிருக்குது சார்."

"பேரைத்தானே சொல்லக் கூடாது?" என்று விமல்ராஜ் உள்ளே ஏறி உட்கார்ந்தான். "வண்டி ஓட்டக் கூடாதுன்னு சொன்னாங்களா?"

கரியப்பன் யோசித்தார். சட்டத்தில் ஓட்டை இருந்தது. வாடகை முந்நூறு. அதையும் சிவராஜ் விமல்ராஜிடம் கடனாக வாங்கிக் கொடுத்தான்.

வண்டி ஓசூரைக் கடந்தது. கரியப்பனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"ரொம்பத் திட்டாதீங்க சார். பொம்பளை அது. பாவம்."

"பொம்பளையா?" என்றான் சிவராஜ்.

"மகளிர் குழுவுல லோன் எடுத்து வட்டிக்கு விட்டிருக்குது. உங்க வட்டி வந்தாத்தான் அது குழுவுக்குக் கட்ட முடியும். வீட்டுக்காரன் ஒண்ணும் சரியில்ல போலிருக்குது. சம்பளம் எங்க போவுதுன்னே தெரியலன்னு போன வாரம் அழுதுச்சு."

சிவராஜின் சினம் அந்த நொடியில் வேறு திசைக்குத் திரும்பியது. நல்ல மனம் அவனுடையது. யாருக்கு அநீதி என்றாலும் கொதிக்கும். "பொண்டாட்டியை அழ வெச்சுட்டு ஒரு மனுஷன் சம்பளத்தை மறைப்பானா? அவன் வீட்ல இருந்தான்னா அவனைத்தான் மொதல்ல கேக்கணும் விமலு."

"ரெண்டு அறை விடுவோம் மாப்ள," என்றான் விமல்ராஜ்.

"விடணும். அப்பத்தான் திருந்துவான்."

மத்திகிரி எல்லை வந்தது. சிவராஜ் இருக்கையில் சரிந்தான். "நம்ம ஏரியாடா. என் பொண்டாட்டி கண்ணுல பட்டா முடிஞ்சுது," என்று துண்டைத் தலையில் போர்த்தி, முழங்காலுக்கிடையே முகத்தைப் புதைத்துக்கொண்டான். வண்டி ஒரு சந்தில் வளைந்தது, குழியில் இறங்கி ஏறியது, மறுபடி வளைந்தது, நின்றது. கரியப்பன் ஹாரன் அடித்துக் குரல் கொடுத்தார்.

"அக்கா, நீங்க எதுக்கு வெயில்ல அலையறீங்க? உங்களுக்கு வட்டி கட்டாம ஏமாத்தறாரே, அந்த ஆளையே கூட்டியாந்துட்டேன், வெளிய வாங்க கவிப்ரியாக்கா."

தோழர்களே, தாய்மார்களே, வட்டிக்காரர் முகத்தைத் தேடி இனி எவரும் ஆட்டோ ஏற வேண்டாம். இந்தப் பக்கத்தை மூடுங்கள். அடுத்த அறையில் இருப்பவரை எழுப்புங்கள். உறங்கினால் உலுக்குங்கள், வேனுக்கு ஓடினால் வேனை நிறுத்துங்கள். "உனக்கு எவ்வளவு கடன்?" என்று கேளுங்கள். பதில் வருவதற்கு முன்பே உங்கள் கடனைச் சொல்லிவிடுங்கள்.