லொரெட்டா என்று யாருமே இல்லை என ஒரு கடிதம் வேண்டி

வடமேற்கு ஐயோவா
1997 மார்ச் 11, செவ்வாய்

ஏழு குத்துவிளக்குப் பதிப்பகத்தின் ஆசிரியை, கர்த்தருக்குள் மிகுந்த மதிப்பிற்குரிய மிஸ் கார்லா ப்ரூயிட் அம்மா அவர்களுக்கு, ஜெனீவா டெர்ஹார்க் எழுதிக்கொள்வது. நானும் என் கணவர் வெர்லினும் எங்கள் பன்றிகளும் தேவகிருபையால் சுகம். தங்கள் சுகத்துக்கும் தங்கள் அலுவலகத்தார் சுகத்துக்கும் தினமும் ஜெபிக்கிறேன். சுகம் என்று எழுதியது மரியாதைக்காகத்தான் அம்மா. உள்ளதைச் சொன்னால் எனக்குச் சோறு தண்ணி இறங்கி ஆறு நாள் ஆகிறது.

ஒன்பது வருஷமாகத் தையல் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு இந்த நாவலை எழுதினேன். வெர்லினைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது. நான் ஒட்டுத்துணிப் போர்வை தைக்கிறேன் என்றுதான் சபையில் நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஒன்பது வருஷத்தில் ஒரு போர்வைகூட வெளியே வரவில்லையே என்று எவரும் கேட்டதில்லை. நாவலை ஏற்றுக்கொண்டதாகத் தங்கள் கடிதம் வந்ததும் தபால்பெட்டி பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதேன். உள்ளதை உள்ளபடி சொல்லும் கிறிஸ்தவ நாவல் என்று அட்டையில் போடப் போவதாகவும், அதனால் கதையில் என் நாயகி லொரெட்டாவின் புருஷன் டுவேன் குடிப்பதை மட்டும் எடுத்துவிடும்படியும் எழுதியிருந்தீர்கள். பீர் என்று ஒரு வார்த்தை இருந்தாலே புத்தகக் கடைக்காரர்கள் பெட்டியோடு திருப்பி அனுப்பிவிடுவார்களாம், கடைசி அதிகாரத்துக்குள் அவன் மனந்திரும்பியாக வேண்டுமாம், கூடவே என் போதகரிடமிருந்து ஒரு நற்சாட்சிக் கடிதமும் வேண்டுமாம். எல்லாம் நியாயம்தான். ஆனால் டுவேனிடமிருந்து குடியைப் பிடுங்கினால் லொரெட்டா ஏன் அழுகிறாள் என்று எனக்கே விளங்கவில்லை, இரண்டு மாசமாகப் பதினாலாம் அதிகாரத்தில் அப்படியே கிடக்கிறேன்.

இந்த மனக்கிலேசத்தோடுதான் போன புதன்கிழமை பெண்கள் ஜெபக்கூட்டத்துக்குப் போனேன். யார் யாருக்காக ஜெபிக்க வேண்டும் என்ற ஜெபக்குறிப்புகளை நோட்டில் எழுதுகிற அர்டித் என்னைப் பார்த்து, "ஏன் ஜெனீவா, வருஷக்கணக்கா நீ ஒரு குறிப்பும் சொன்னதில்லையே, உங்க வீட்ல யாருக்கும் ஒரு சளிகூடவா பிடிக்காது?" என்றாள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு நாக்கு எப்படித்தான் புரண்டதோ, "லொரெட்டான்னு ஒருத்தி, புருஷன் குடிக்கிறான், அவளை என்ன செய்யறதுன்னே எனக்குத் தெரியல" என்று சொல்லிவிட்டேன். பொய் இல்லையே அம்மா? ஒரு எழுத்துப் பொய் இல்லை. அர்டித் அடியில் இரண்டு கோடு போட்டு எழுதிக்கொண்டாள்.

எங்கள் சபையில் டெலிபோன் ஜெபச் சங்கிலி என்று ஒன்று உண்டு, ஒருத்தி அடுத்தவளைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும், அவள் அதற்கடுத்தவளை. பட்டியலில் கடைசிப் பெயர் என்னுடையது. அன்றைக்கே மத்தியானம் எனக்கு அழைப்பு வந்தபோது லொரெட்டாவுக்கு மூன்று பிள்ளைகள் பிறந்திருந்தார்கள், இடது கை உடைந்திருந்தது, வீட்டுக்கு வாடகை கட்டவில்லை. நான் அவளுக்குப் பிள்ளையே கொடுக்கவில்லை அம்மா! ஆனால் கேட்ட மாத்திரத்தில் "ஐயோ பாவமே" என்று நானே கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

சாயங்காலத்துக்குள் ஏழு பாத்திரம் வந்து இறங்கிவிட்டது. லொரெட்டா வீடு எங்கே என்று யாருக்கும் தெரியாததால் நானே கொண்டுபோய்க் கொடுக்கட்டும் என்று என் வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். ஐந்தில் பாலாடைக்கட்டி போட்டுச் சுட்ட உருளைக்கிழங்குக் கேசரோல், இரண்டில் காரட் துருவிப் போட்ட பச்சை ஜெல்லி. திருப்பிக் கொடுக்க வேண்டுமே என்று ஒவ்வொன்றின் அடியிலும் பெயர் ஒட்டியிருந்தது. குளிர்பெட்டி மூடவில்லை. வெர்லின் ஒரு கரண்டியோடு வந்து, "கெட்டுப்போனா பாவம்தானே?" என்று ஆரம்பித்தவர், வெள்ளிக்கிழமை, "லொரெட்டா இன்னொரு வாரம் கஷ்டப்பட்டாலும் தேவலை" என்றார். வாயை மூடுங்க என்று கத்தினேன்.

இதற்குள் அர்டித் டெலிபோன் புத்தகம் முழுக்கத் தேடி, அக்கம்பக்கத்து நாலு சபையிலும் விசாரித்து, லொரெட்டா என்று யாரும் இல்லை என்று கண்டுபிடித்துவிட்டாள். அதோடு விட்டிருக்கலாம் அல்லவா? இல்லை, அப்படியானால் அந்த லொரெட்டா நான்தான் என்றும், வெட்கத்தில் பெயரை மாற்றிச் சொல்லிவிட்டேன் என்றும் முடிவு கட்டிவிட்டாள். சனிக்கிழமை மூப்பர் ஹார்லன் போஸ் எங்கள் பன்றிக்கொட்டிலுக்கே போய் வெர்லினின் தோளில் கை வைத்திருக்கிறார்.

"வெர்லின், எல்லாம் எனக்குத் தெரியும். மறைக்காதே. எத்தனை நாளா இது?"

மோர் தவிர வேறெதையும் குடித்தறியாத இந்த மனுஷர், கேசரோல் விஷயம் வெளியே வந்துவிட்டது என்று நினைத்து நடுங்கிப்போய், "புதன்கிழமையிலேர்ந்து. சாப்பாட்டு வேளைக்கு மட்டும்னுதான் இருந்தேன். இப்ப காலையிலயே ஆரம்பிச்சிடறேன்" என்றிருக்கிறார்.

"ஜெனீவாவுக்குத் தெரியுமா?"

"அவதான் எடுத்து வைக்கிறா."

மூப்பர் அங்கேயே முழங்கால்படியிட்டு ஜெபித்தாராம். இவரும் கூட முழங்கால்படியிட்டு, "இனிமே தொடமாட்டேன்" என்று அழுதாராம். மகாராசன்!

நான் நேரே போதகரிடம் ஓடினேன். ஐயா, அது நாவல், நான் நாவல் எழுதுகிறேன், லொரெட்டா என்று எவளும் இல்லை, அவள் என் கற்பனை என்று மூச்சு வாங்கச் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எல்லாரும் முதல்ல இப்படித்தான் சொல்லுவாங்க ஜெனீவா" என்றார். நற்சாட்சிக் கடிதத்தைப் பற்றிக் கேட்டேன். "மொதல்ல வீடு சரியாகட்டும், அப்புறம் புத்தகம்" என்று சொல்லிவிட்டார். அடுத்த வியாழக்கிழமை வெர்லினை மூப்பர்கள் முன்னால் நிறுத்தப் போகிறார்கள்.

ஆகையால் தங்கள் பாதத்தில் விழுந்து கேட்கிறேன். பதிப்பகத்தின் பெயர் அச்சிட்ட தாளில், முத்திரை வைத்து, லொரெட்டா என்று உலகத்தில் யாரும் இல்லை, அவள் முழுக் கற்பனை என்று எங்கள் போதகருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். பதிலுக்குத் தாங்கள் சொன்னதெல்லாம் செய்கிறேன். டுவேன் இனிமேல் ஒரு சொட்டுக் குடிக்கமாட்டான், வெறும் முன்கோபக்காரன். கடைசி அதிகாரத்தில் சோளக்காட்டில் மழையில் மண்டியிட்டு மனந்திரும்புவான், மழை வேண்டாமென்றால் வெயிலிலும் மண்டியிடுவான்.

தங்கள் கைகளின் பிரயாசத்தைக் கர்த்தர் ஆசீர்வதித்து, தங்கள் கடைகளிலிருந்து ஒரு பெட்டியும் திரும்பி வராதபடி காப்பாராக. வெர்லினின் வந்தனங்களும்.

பயத்தோடும் பணிவோடும்,
ஜெனீவா டெர்ஹார்க்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது சமையலறைக் கதவைத் தட்டி ஒரு அம்மா வந்தார். எங்கள் சபையில் எல்லாரும் மதிக்கிற அம்மா, பெயர் எழுதமாட்டேன். பாத்திரத்தை வாங்க வந்தேன் என்றார். கழுவிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டும் போகவில்லை. "அந்த லொரெட்டா புருஷன் நிறுத்திடுவானா ஜெனீவா?" என்று கேட்டார். நான் எழுதியதில் உள்ளதைச் சொன்னேன், நிறுத்தமாட்டான் என்று. கோட்டைக்கூடக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "எங்க வீட்டுக்காரர் கார்க்கதவைச் சாத்துற சத்தத்துலயே எனக்குத் தெரிஞ்சிடும். இருபத்தாறு வருஷம். இதுவரைக்கும் யார்கிட்டயும் வாய் திறந்ததில்ல" என்றார். அது நாவல் என்று சொல்லிவிட்டேன் அம்மா, அப்படியும் அவர் எழுந்து போகவில்லை.

ஆகவே அந்தக் கடிதத்தைத் தயவுசெய்து எழுதவேண்டாம். அந்தக் குடிகாரன் வீடு எங்களுடையது இல்லை என்று தெரிந்தால் அர்டித் மறுபடி தேட ஆரம்பிப்பாள், இந்தத் தடவை கண்டுபிடித்துவிடுவாள். வெர்லினிடம் யார் என்று சொல்லாமல் விஷயத்தை மட்டும் சொன்னேன். "சரி, நான்தான் குடிகாரன்னு இருந்துட்டுப் போகட்டும்" என்றார். டுவேனும் குடிக்கட்டும், ஒரு வரி மாற்றமாட்டேன். நற்சாட்சிக் கடிதம் வராது, அதனால் தாங்கள் புத்தகம் போடமுடியாது என்பதும் தெரியும். கையெழுத்துப் பிரதியை மட்டும் சீக்கிரம் திருப்பி அனுப்பிவிடுங்கள். அந்த அம்மா படிக்கக் கேட்டிருக்கிறார்.