கண்டி ரயிலும் கால் ராத்தல் மிளகாயும்

ஓசியில் ஊர் சுற்றப் போகிறவனுக்குப் புத்தி கடைசியில்தான் வரும். எனக்குக் கொழும்பில் வந்தது, அதுவும் மிளகாய் மூட்டைகளுக்கு நடுவில்.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த சமயம். கல்யாணமாகி ஆறு மாதம். தூத்துக்குடித் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்ததால் கொழும்புக்குத் தோணி ஓட்டும் தண்டல் ஒருவர் பழக்கம். வெங்காய மூட்டையோடு மூட்டையாக என்னையும் ஏற்றிக்கொண்டார். எட்டு நாள் கழித்து அதே தோணியில் திரும்ப வேண்டும். என் மனைவி செல்லம் கேட்டது ஒன்றே ஒன்று.

"கண்டி ரயிலு மலையக் கொடஞ்சு உள்ளார போவுதாம்லா. நான் எங்க போவப் போறேன்? நீங்க பாத்துட்டு வந்து ஒண்ணு விடாம சொல்லணும்."

"சத்தியமாச் சொல்லுதேன்" என்றேன். (வாய் சும்மா இருக்குமா?)

தங்கவும் செலவில்லை. நம்மூர் ஆள் யார் போனாலும் எட்டயபுரத்து அண்ணாச்சி ஒருவரின் கொழும்பு மளிகைக் கடையில் சாப்பாடும் பாயும் உண்டு. ஆனால் அங்கே சாப்பிட்டவன் கை சும்மா இருக்கக் கூடாது என்ற வழக்கத்தை மட்டும் எந்தப் பாவியும் எனக்குச் சொல்லவில்லை.

முதல் நாள் காலை தலை சீவி, ரயிலுக்குக் கிளம்பி நின்றேன்.

"தம்பி, ஒரு அரை மணி நேரம் இந்த மொளகாய நிறுத்துக் கட்டுங்க. கண்டி எங்கன ஓடியா போவுது?" என்றார் அண்ணாச்சி.

அந்த அரை மணி நேரம் விளக்கு வைக்கும்போது முடிந்தது. மறுநாள் வெங்காயம் வந்து இறங்கியது. அதற்கு மறுநாள் கடையாளுக்குக் காய்ச்சல். ஒரு சிங்களத்துக் கிழவி எடை குறைகிறதென்று என்னைப் பிடித்துத் திட்டினாள். பாஷை புரியவில்லை, திட்டு நன்றாகப் புரிந்தது. தும்மித் தும்மி மூக்கு வீங்கிவிட்டது.

ஐந்தாம் நாள் பொறுக்கவில்லை. "அண்ணாச்சி, இன்னிக்கு நான் கண்டிக்குப் போயே ஆவணும்" என்றேன்.

"மொதல்ல சாப்பிடுங்க தம்பி" என்று இன்னொரு சீலா மீன் துண்டை இலையில் வைத்தார். தின்றேன். தின்றுவிட்டு எந்த முகத்தோடு எழுந்து போவது? (மானங்கெட்ட வயிறு.)

எட்டாம் நாள் தண்டல் வந்து கூப்பிட்டார். "தம்பி மாதிரி பொட்டலம் மடிக்க இங்கன ஆளில்ல" என்று அண்ணாச்சி கண்கலங்கிக் கற்கண்டு கொடுத்து அனுப்பினார். எனக்கும் அழுகைதான் வந்தது, வேறு காரணத்துக்காக.

வீட்டில் செல்லம் அக்கம்பக்கத்துப் பெண்களையெல்லாம் கூட்டி வைத்துக் காத்திருந்தாள். அந்த முகத்தைப் பார்த்ததும் உண்மையைச் சொல்ல மனசு வரவில்லை. ஆளுக்குக் கொஞ்சம் கற்கண்டு கட்டிக் கொடுக்கச் சொல்லிப் பழைய பேப்பரை என்னிடம் நீட்டினாள். நான் கதையை ஆரம்பித்தேன்.

"மலை வாயத் தொறந்துட்டு நிக்கி. ரயிலு கூவிட்டு உள்ள நொழையுது. ஒரே கும்மிருட்டு..."

வாய் மலைக்குள் போய்க்கொண்டிருக்க, கை பேப்பரைச் சுருட்டி, கற்கண்டைக் கொட்டி, வாயை மடித்து, தலைக்கு மேலே போய்த் துழாவியது. கடையில் நூல்கண்டு தொங்கும் இடம் அது.

"மேல என்ன தேடுதீய?" என்றாள் செல்லம்.

"நூலு" என்றேன்.

"ரயிலுக்குள்ள எதுக்கு நூலு?"

அவ்வளவுதான், எல்லாம் வெளியே வந்துவிட்டது. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலி டப்பாவை என் முன்னால் வைத்தாள். "கொழும்பு வரைக்கும் போயிட்டு வாங்க. கால் ராத்தல் மொளகா."

பிறகு பாஸ்போர்ட், விசா என்று கெடுபிடிகள் வந்துவிட்டன. அந்த மலைக்குகையை இன்றுவரை நாங்கள் இரண்டு பேருமே பார்க்கவில்லை. ஆனால் எங்கள் வீட்டில் மளிகைக் கடைக்குப் பெயர் கொழும்புதான். போன வருஷம் கடைசிப் பேரனிடம் பள்ளிக்கூடத்தில் கொழும்பு எங்கே இருக்கிறது என்று கேட்டிருக்கிறார்கள். 'மில்லர்புரம் முக்கில், மாவு மில்லுக்கு அடுத்தது' என்று எழுதி, முட்டை வாங்கி வந்தான்.

தாளைச் செல்லத்திடம் காட்டினேன்.

"சரியாத்தான எழுதியிருக்கான்" என்றாள்.